லோஃபோடென் தீவுகளுக்கு டிஜிட்டல் வானொலி வந்தது: கேள்வி பதில்

நோர்வேயின் வடக்கே, நூர்லாண்ட் மாகாணத்தில் கடலுக்குள் நீண்டு கிடப்பவை லோஃபோடென் தீவுகள். 2017 ஜனவரி 11 அன்று காலை 11 மணி 11 நிமிடம் 11 விநாடிக்கு இந்த மாகாணத்தில் தேசிய எஃப்எம் ஒலிபரப்பு நின்றது. தேசிய எஃப்எம் சேனல்களை முழுக்க நிறுத்தி டிஏபி எனப்படும் டிஜிட்டல் வானொலிக்கு மாறிய முதல் நாடு நோர்வே. அதன் தொடக்கம் எங்கள் மாகாணம். வடக்கு நோர்வேக்கு மீன் ஆலை வேலைக்கு வந்து தங்கிவிட்ட ஈழத்தமிழர்களில் நானும் ஒருவன். வானொலி என்றால் எனக்கு உயிர். அக்கம்பக்கத்தில் ஏரியல் கட்டிக் கொடுப்பதும், செட் வாங்க வழி சொல்வதும் என் பழக்கம். அது தெரிந்து பலர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஓஸ்லோவிலிருந்து ஒரு தம்பி: நன்றாக ஓடிக்கொண்டிருந்த எஃப்எம்மை ஏன் நிறுத்தினார்கள், அண்ணை?

முதல் காரணம் பணம். நோர்வே முழுக்க மலை, ஃபியோர்டு என்னும் ஒடுங்கிய கடற்கால், தீவு. ஆள் குறைவு, கோபுரம் அதிகம். இந்த நிலத்தில் ஒரு சேனலை எஃப்எம்மில் நடத்த டிஏபியைவிட எட்டு மடங்கு செலவாகிறது என்று அரசு கணக்குச் சொன்னது. எஃப்எம்மில் நாடு தழுவிய சேனல்களுக்கு ஐந்து இடம்தான் இருந்தது. டிஏபிக்கு மாறியபோது அது 22 ஆனது.

திடீர் முடிவும் இல்லை, தம்பி. பாராளுமன்றம் 2011இலேயே ஒப்புதல் கொடுத்துவிட்டது, ஆனால் நிபந்தனைகளோடு. அரசு ஒலிபரப்பான என்ஆர்கேயின் டிஜிட்டல் சிக்னல் பழைய எஃப்எம் எட்டிய அளவுக்கு எட்ட வேண்டும். நாளாந்த நேயர்களில் பாதிப் பேராவது டிஜிட்டலில் கேட்க வேண்டும். காருக்கும் கட்டுப்படியாகும் வழி இருக்க வேண்டும். எல்லாம் நிறைவேறிவிட்டது என்று சொல்லி, 2015 ஏப்ரலில் தேதியை அறிவித்தார்கள். எங்களுக்கு 2017 ஜனவரி. உங்கள் ஓஸ்லோவுக்கு செப்டெம்பர். கடைசியாக டிசம்பர் 13இல் வடகோடியிலுள்ள ட்ரொம்ஸும் ஃபின்மார்க்கும்.

சென்னையிலிருந்து ஒரு பொறியியல் மாணவி: கடல் நடுவே மலைகளாக நிற்கும் தீவில் டிஜிட்டல் சிக்னல் எப்படி எட்டுகிறது, சார்?

நல்ல கேள்வி, பிள்ளை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

எஃப்எம்மில் அடுத்தடுத்த கோபுரங்களுக்கு வேறு வேறு அலைவரிசை வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றை ஒன்று கெடுக்கும். அதனால்தான் காரில் போகும்போது ஒரே சேனல் 89இலிருந்து 94க்கு மாறும். டிஏபியில் ஒரு வட்டாரத்தின் கோபுரங்கள் அனைத்தும் ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில், ஒரே தகவலை அனுப்புகின்றன. பஜனையில் பலர் ஒரே தாளத்தில் ஒரே வரியைப் பாடும்போது குரல் கூடி ஒலிப்பதுபோல, இரண்டு கோபுரத்தின் சிக்னலும் உங்கள் செட்டில் கூடிப் பலம் பெறுகின்றன. மலையில் பட்டுத் திரும்பும் எதிரொலியும் அப்படியே உதவுகிறது. எஃப்எம்மில் அந்த எதிரொலிதான் கரகரப்பாகக் கேட்டது.

இதற்கு ஓர் எல்லை உண்டு. முதல் சிக்னல் வந்த 246 மைக்ரோ விநாடிக்குள் இரண்டாவது வந்து சேர வேண்டும். ஒளியின் வேகத்தில் அது சுமார் 74 கிலோமீட்டர் தூரம். தரையில் அந்தத் தூரத்துக்கு அப்பால் இருக்கும் கோபுரம் பெரும்பாலும் வலுவாகக் கேட்காது, தொல்லை இல்லை. ஆனால் நடுவில் கடல் என்றால் மறைப்பதற்கு எதுவும் கிடையாது. கோடையில் காற்றடங்கி, குளிர்ந்த கடலுக்கு மேல் சூடான காற்று படுத்திருக்கும் நாட்களில், தொலைவுக் கோபுரத்தின் சிக்னல் வழக்கத்தைவிட வெகுதூரம் ஓடிவரும். தாமதமாக வரும் அந்தச் சிக்னல் நல்ல சிக்னலையும் குழப்பிவிடும். அதைத் தவிர்க்கத்தான் ஒவ்வொரு கோபுரத்தின் நேரத்தையும் மைக்ரோ விநாடிக் கணக்கில் முன்னும் பின்னும் தள்ளி வைக்கிறார்கள். தீவுக்கு வானொலி கொண்டுபோகிறவர்களின் உண்மையான திறமை அங்கேதான் இருக்கிறது. கோபுரம் நடுவது அதைவிடச் சுலபம்.

பெர்கனிலிருந்து ஓர் அக்கா: அம்மாவின் அடுப்படி ரேடியோ நன்றாகப் பாடிக்கொண்டே இருந்துவிட்டுச் சட்டென்று ஊமையாகிறது. செட் பழுதா?

அநேகமாகப் பழுது இல்லை, அக்கா. எஃப்எம்மில் சிக்னல் குறையக் குறைய இரைச்சல் கூடும். காது முன்கூட்டியே உணர்ந்துவிடும். டிஏபியில் செட் தானே பிழைகளைத் திருத்திக்கொண்டு கடைசிவரை தெளிவாகப் பாடும். திருத்த முடியாத நிலை வந்ததும் குமிழிகள் உடைவதுபோல் ஒரு சத்தம் வரும், பிறகு மௌனம்.

ஏரியலைப் பாருங்கள். எஃப்எம் காலத்துப் பழக்கத்தில் முழு நீளத்துக்கும் இழுத்துச் சாய்த்து வைத்திருப்பார் அம்மா. டிஏபிக்கு சுமார் 35 சென்டிமீட்டர் போதும், நேராக நிமிர்ந்து நிற்க வேண்டும். செட்டை ஜன்னல் பக்கம் வையுங்கள். மலிவான எல்இடி விளக்கும் போன் சார்ஜரும் அருகில் வேண்டாம். அவற்றின் இரைச்சல் இந்த அலைவரிசையையும் தாக்கும். அப்புறம் சேனல்களை ஒருமுறை புதிதாகத் தேடச் செய்யுங்கள். அரை கை தூரம் நகர்த்தியதிலேயே சரியான வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

ராமேஸ்வரத்திலிருந்து ஒரு மீனவர்: படகில் போகிறவர்களுக்கு இது எப்படி, ஐயா?

எனக்கு மனக்குறை உள்ள இடம் இதுதான். எஃப்எம் நின்ற ஜனவரிதான் இங்கே கோட் மீன் பருவத்தின் தொடக்கம். ஏப்ரல் வரை படகுகள் இருட்டிலும் பனியிலும் போய்வரும். காற்று எந்தத் திசையில், விநாடிக்கு எத்தனை மீட்டர் வேகத்தில் வீசும் என்பது உயிர்ப் பிரச்சினை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

முன்பு லோஃபோடெனின் கடைக்கோடித் தீவான ரோஸ்டில் 675 கிலோஹெர்ட்ஸில் ஒரு மத்திய அலை ஒலிபரப்பி இருந்தது. பூடோ நகரிலிருந்து கடலில் சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, ஏறத்தாழ 500 பேர் வாழும் சின்ன இடம் அது. அதற்கும் வடக்கே இங்கோய் தீவில் 153 கிலோஹெர்ட்ஸ் நெட்டலை. அதன் கம்பம் 362 மீட்டர் உயரம். மத்திய அலையும் நெட்டலையும் கடல் நீரைத் தழுவிக்கொண்டு அடிவானத்துக்கு அப்பாலும் போகும். ரோஸ்டின் ஒலிபரப்பு இப்போது இல்லை. இங்கோயும் 2019இல் நின்றுவிட்டது.

டிஏபி ஓடுவது 174 முதல் 240 மெகாஹெர்ட்ஸில். அது ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். கரையை ஒட்டி, தீவுகளுக்கு நடுவே, எஃப்எம்மைவிடச் சுத்தமாகக் கேட்கிறது. அதில் குறை சொல்ல மாட்டேன். ஆழ்கடலுக்குப் போனால் தேய்ந்துவிடும். அங்கே கடலோர நிலையங்கள் கப்பல்கள் பேசிக்கொள்ளும் விஎச்எஃப் வானொலியில் வாசிக்கும் வானிலை அறிக்கையைத்தான் நம்ப வேண்டும். ஆகையால் படகில் டிஏபி செட்டுக்குத் தனி ஏரியலை மாஸ்டின் உச்சியில் செங்குத்தாகக் கட்டுங்கள். விஎச்எஃப் ஏரியலுக்கு ஒட்டினாற்போல் வேண்டாம்.

ஸ்டாவங்கரிலிருந்து ஒருவர்: பழைய காருக்கு என்ன செய்தீர்கள்?

அடாப்டர், அதாவது டிஏபியைப் பிடித்துக் காரின் ஸ்டீரியோவுக்குக் கொடுக்கும் சின்னக் கருவி. கண்ணாடியில் ஒட்டும் மெல்லிய ஏரியலோடு வருவதை வாங்குங்கள். சூடேற்றும் உலோகப் பூச்சு உள்ள கண்ணாடி என்றால் அந்த ஏரியலுக்குச் சிக்னல் கிடைக்காது. வெளி ஏரியல் போட வேண்டும். அடாப்டருக்கும் காரின் ஸ்டீரியோவுக்கும் நடுவே வயர் இணைப்பு இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

டொரொண்டோவிலிருந்து ஓர் அக்கா: அங்குள்ள மக்கள் இதை விரும்பி ஏற்றார்களா?

இல்லை. 2016 கடைசியில் ஒரு பத்திரிகை எடுத்த கருத்துக் கணிப்பில் 66 சதவீதம் பேர் எதிர்த்தார்கள். ஆதரித்தவர்கள் 17 சதவீதம். டிஏபி இல்லாத கார்கள் அப்போது சுமார் 20 லட்சம் ஓடின.

என் கருத்தை நேராகவே சொல்கிறேன். தொழில்நுட்பம் நல்லது, எங்கள் மலைகளுக்கு அது பொருத்தம். எஃப்எம்மில் இரைச்சலோடு ஒன்றிரண்டு சேனல் கேட்ட வீடுகளில் இன்று செய்தி, சங்கீதம், விளையாட்டு, வடக்கின் பழங்குடிகளான சாமி மக்களின் மொழிச் சேனல் எல்லாம் தெளிவாக வருகின்றன. ஆனால் ஆண்டுக்கு 200 மில்லியன் குரோனர் மிச்சம் ஒலிபரப்பாளர்களுக்கு. புது செட்டின் விலை நேயருக்கு. தனியாக வாழும் கிழவிக்கு அடுப்படி, படுக்கையறை, படகுக் கொட்டில் என்று மூன்று செட் இருந்தது. மூன்றும் ஒரே நாளில் தேசிய வானொலியை இழந்தன. மிச்சத்தில் ஒரு பங்கையாவது அப்படிப்பட்ட வீடுகளுக்குச் செட்டாகக் கொடுத்திருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஒன்று மட்டும்: பெரிய நகரங்களுக்கு வெளியே சின்ன உள்ளூர் வானொலிகள் எஃப்எம்மிலேயே தொடர அனுமதி கிடைத்தது. பழைய செட்டை வீச வேண்டியதில்லை.

ட்ரொம்ஸோவிலிருந்து ஒரு மாணவர்: கையில் போன் இருக்க, இனி வானொலி எதற்கு?

குளிர்காலப் புயலில் மின்சாரமும் போன் கோபுரமும் சேர்ந்தே போவதுண்டு, தம்பி. நெருக்கடி அறிவிப்புக்கு இந்த நாட்டில் பொறுப்புள்ள சேனல் என்ஆர்கே பி1. ஒவ்வொரு வீடும் ஒரு வாரத்துக்குத் தானே சமாளிக்கத் தயாராக இருக்கச் சொல்லி 2024இல் அரசு வெளியிட்ட அறிவுரையிலும் பேட்டரியில் ஓடும் டிஏபி வானொலி இருக்கிறது. டிஏபி செட் எஃப்எம்மைவிட வேகமாகப் பேட்டரியைத் தின்னும். மாற்றுப் பேட்டரிகளைச் செட்டோடு சேர்த்தே வையுங்கள்.

நெடுந்தீவிலிருந்து ஓர் ஆசிரியர்: எங்கள் தீவுக்கு இது வந்தால் பயன் உண்டா?

உங்கள் தீவு தட்டை. யாழ்ப்பாணப் பக்கத்தில் உயரமான கோபுரம் ஒன்று ஒழுங்காக நின்றால் எஃப்எம்மே தெளிவாகக் கேட்கும். மலை மறைப்பு இல்லாத இடத்தில் டிஏபிக்குப் பாதிக் காரணம் இல்லாமல் போகிறது. கடலில் போகிறவர்களை நினைத்தால் இந்தியா எடுத்த வழி கவனிக்கத்தக்கது. ஆல் இந்தியா ரேடியோ தன் மத்திய அலை ஒலிபரப்பிகள் பலவற்றில் டிஆர்எம் என்ற டிஜிட்டல் முறையைச் சேர்த்திருக்கிறது. மத்திய அலையின் தூரமும் டிஜிட்டலின் தெளிவும் ஒன்றாகக் கிடைக்கும். சிக்கல் செட்டில்தான். சில புதுக் கார்களில் இருக்கிறது. கையடக்க ரேடியோ கடையில் எளிதில் கிடைப்பதில்லை. மீனவர் வாங்கக்கூடிய விலையில் ஒரு செட் வரும்வரை ஒலிபரப்பு மட்டும் போதாது, சேர்.

மோல்டேயிலிருந்து ஒரு தங்கை: அப்பா ஊருக்குப் போகும்போது டிஏபி செட்டைக் கொண்டுபோகலாமா?

தாராளமாக. பெரும்பாலான டிஏபி செட்டுகளில் எஃப்எம்மும் சேர்ந்தே இருக்கும். யாழ்ப்பாணத்தில் அந்தப் பகுதி வேலை செய்யும். ஏரியலை அப்போது முழு நீளத்துக்கும் இழுத்துவிடச் சொல்லுங்கள்.