37 விநாடி இடைவெளி ஏன்?

கேள்வி: துடுப்புப் படகுப் போட்டிகளில் ஆண்களும் பெண்களும் ஒரே தூரத்தைத்தான் கடக்கிறார்கள், படகுகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. அப்படியிருக்க, நேர வேறுபாட்டுக்கு உடல் வலிமை மட்டும்தான் காரணமா?

பதில்: வலிமைதான் முதற்காரணம், ஆனால் அந்த வேறுபாட்டைத் தண்ணீர் ஓரளவு மறைத்துவிடுகிறது. 2000 மீட்டர் ஒற்றையர் போட்டியில் நியூசிலாந்தின் ராபி மான்சன் 2017இல் 6 நிமிடம் 30.74 விநாடி எடுத்துக்கொண்டார்; பல்கேரியாவின் ருமியானா நெய்கோவா 2002இல் 7 நிமிடம் 7.71 விநாடி எடுத்துக்கொண்டார். இடைவெளி 37 விநாடி, அதாவது ஏறத்தாழ ஒன்பதரை விழுக்காடு. இத்தகைய நேரங்களுக்குச் சாதகமான காற்றும் துணை வேண்டும். துடுப்பு வலிப்பவர் பின்னோக்கி அமர்ந்திருப்பதால், படகைத் தள்ளும் அந்தக் காற்று அவர் முகத்தில்தான் அடிக்கும் என்பது வேடிக்கை.

இனி, கரையில் எர்கோமீட்டர் என்னும் பயிற்சி எந்திரத்தில் அதே தூரத்தைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் ஜோஷ் டங்க்லி-ஸ்மித் 2018இல் 5 நிமிடம் 35.8 விநாடியிலும், அமெரிக்காவின் புரூக் மூனி 2021இல் 6 நிமிடம் 21.1 விநாடியிலும் முடித்தார்கள். இங்கே இடைவெளி பதின்மூன்றரை விழுக்காடு. ஆட்கள் வேறு என்பதால் இந்த ஒப்பீட்டை மிகத் துல்லியமானதாகக் கொள்ள முடியாது. ஆயினும் அது காட்டும் திசை சரியானது. தரையில் நிற்கும் எந்திரம் உடல் எடைக்குக் கணக்குக் கேட்பதில்லை. படகிலோ, கனமானவர் அமர்ந்தால் அடிப்பகுதி ஆழ அமிழ்ந்து, நீரின் தடை கூடுகிறது. பெருந்தசையால் கிடைத்த ஆதாயத்தில் ஒரு பங்கு அந்த உடலைச் சுமக்கவே செலவாகிவிடுகிறது. எனினும், குறைந்தபட்சப் படகு எடை இரு பாலருக்கும் ஒன்றே (ஒற்றையருக்கு 14 கிலோ, எண்மருக்கு 96 கிலோ) என்பதால், எடை குறைந்த பெண்கள் தம் உடலோடு ஒப்பிட்டால் சற்றுக் கனமான படகையே செலுத்துகிறார்கள்.

கைவீச்சின் வேகத்தில் பெரிய வேறுபாடு இல்லை. இருவரும் நிமிடத்துக்கு 34 முறை துடுப்பு வலிப்பதாக வைத்துக்கொண்டால், மேற்சொன்ன படகு நேரங்களின்படி ஒவ்வொரு முறையும் ஆண் 9 மீட்டரும் பெண் எட்டேகால் மீட்டரும் நகர்கிறார்கள். நீண்ட கைகால்களும், பெரிய இதயமும், இரத்தத்தில் கூடுதலான ஹீமோகுளோபினும் சேர்ந்து தருவது அந்த முக்கால் மீட்டரைத்தான்.

கேள்வி: முன்பு பெண்களுக்குத் தூரம் குறைவாக இருந்ததாமே?

பதில்: உண்மைதான். 1976இல் மாண்ட்ரியலில் பெண்கள் துடுப்புப் படகுப் போட்டி முதன்முறையாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றபோது 1000 மீட்டரே வைத்தார்கள். 1988இல் சியோலில்தான் ஆண்களுக்குரிய 2000 மீட்டர் அவர்களுக்கும் வந்தது. அதற்குள் அவர்களின் உடலமைப்பு மாறிவிடவில்லை. மாறியது நிர்வாகிகளின் எண்ணம்தான். போட்டிப் பிரிவுகள் இரு பாலருக்கும் ஏழேழு எனச் சமமாவதற்கோ டோக்கியோ ஒலிம்பிக் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.