முத்திரைக்கு முன் பொருளைப் பாருங்கள்: பழைய அலங்கார ஜாடிகள் கேள்வி-பதில்

கைப்பிடியும் மூக்கும் வைத்த பழைய அலங்கார ஜாடிகளைப் பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, "அடியில் இப்படி ஒரு முத்திரை இருக்கிறது, இது எந்த நாடு?" என்றே தொடங்குகின்றன. முத்திரைக்கு அப்புறம் வரலாம். என்ன பொருளில் செய்தது என்று தெரிந்தாலே பாதி விடை கிடைத்துவிடும். முத்திரையை யாரும் பின்னால் குத்திவிட முடியும். உடைந்த விளிம்பையும் தேய்ந்த அடியையும் போலியாகச் செய்வது கஷ்டம்.

கேள்வி: ஒரு ஜோடி உயரமான வெண்கல ஜாடிகள். கைப்பிடியில் சிறகுள்ள பெண் உருவம், உடம்பு முழுக்கத் திராட்சைக் கொடி. ஒன்றில் கைப்பிடி விட்டுப்போய்விட்டது. பற்றவைக்கலாமா?

பொறுங்கள், கைப்பிடி உடைந்த இடத்தை முதலில் பாருங்கள். உலோகம் மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ தெரிந்தால் வெண்கலம். சாம்பல் வெள்ளையாக, பொடிப் படிகங்களாக மினுங்கினால் அது துத்தநாகம். இந்த வியாபாரத்தில் ஸ்பெல்ட்டர் என்பார்கள். உடையாத ஜாடியின் அடியில், கண்ணில் படாத ஓரத்தில் ஊசியால் லேசாகக் கீறினாலும் இதே நிறம் தெரியும். காந்தம் உதவாது, இரண்டிலுமே ஒட்டாது. விரல் கணுவால் தட்டினால் வெண்கலம் கணீரென்று ஒலிக்கும்; துத்தநாகத்தின் சத்தம் உடனே அடங்கிவிடும்.

துத்தநாகம் 419 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். வெண்கலத்துக்கு 900-க்கு மேல் வேண்டும். வார்ப்பது சுலபம், செலவும் குறைவு என்பதால் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்ஸில் இப்படிப்பட்ட ஜோடிகளை ஏராளமாக வார்த்து, வெண்கல நிறம் ஏற்றி விற்றார்கள். கணப்படுப்பின் மேல்தட்டில், கடிகாரத்துக்கு இருபுறமும் வைப்பதற்கு. ஜோடியாக இருப்பதே ஒரு தடயம். ஊற்றிக் குடிக்க ஒன்றே போதும், அழகுக்குத்தான் இரண்டு வேண்டும். பல துண்டுகளை நடுவில் ஒரு நீளத் திருகாணியால் இறுக்கியிருக்கிறதா என்று அடியில் பாருங்கள்.

துத்தநாகம் என்று உறுதியானால் தீ மட்டும் கூடவே கூடாது. பற்றவைக்கப் போனால் கைப்பிடியே உருகி வழிந்துவிடும். எபாக்சி பசைதான் சரி. வெண்கலம் இல்லையே என்று வருத்தப்படவும் வேண்டாம். நல்ல வார்ப்பு எந்த உலோகத்தில் இருந்தாலும் காப்பாற்றத் தகுந்ததுதான்.

கேள்வி: வெள்ளி ஜக்கின் அடியில் வரிசையாக நான்கு சின்னக் கேடயங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு எழுத்து. அசல் வெள்ளியா?

பூதக்கண்ணாடி வைத்து அந்த எழுத்துகளைப் படியுங்கள். இ, பி, என், எஸ் என்று இருந்தால் அது மின்முலாம் பூசிய நிக்கல் சில்வர். தாமிரம், துத்தநாகம், நிக்கல் கலந்த உலோகத்தின் மேல் மெல்லிய வெள்ளிப் பூச்சு. பழைய கோதிக் எழுத்தில், வெள்ளி முத்திரை மாதிரியே தோன்றும்படி குத்துவார்கள். பர்மிங்ஹாமின் எல்கிங்டன் நிறுவனம் மின்முலாமுக்குக் காப்புரிமை வாங்கியது 1840-இல், ஆகவே அதற்கு முந்தைய பொருள் அல்ல. இங்கிலாந்தின் அசல் ஸ்டெர்லிங் என்றால் நடந்து செல்லும் சிங்கம் இருக்கும், அதில் வெள்ளி 92.5 சதவீதம்.

கேள்வி: நீலமும் வெள்ளையுமாக ஒரு ஜாடி. சீனக் கோபுரம், பாலம், இரண்டு பறவைகள். முத்திரையே இல்லை. சீனாவிலிருந்து வந்ததா?

எனக்கு மிகவும் பிடித்த வகைக் கேள்வி. முத்திரை இல்லாததால் கண்ணை நம்பித்தான் ஆகவேண்டும்.

அறையை இருட்டாக்கி, ஜாடிக்குள் கைபேசி விளக்கை வையுங்கள். சுவர் வழியே ஒளி ஊடுருவினால் அது போர்சலின், அதாவது உயர் சூட்டில் சுட்ட வெள்ளைப் பீங்கான். ஊடுருவாவிட்டால் சுடுமண்ணாக இருக்கலாம், தடித்த போர்சலினாகவும் இருக்கலாம். அதனால் சில்லு தெறித்த இடம் ஏதாவது இருந்தால் அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். போர்சலினின் உடைப்பு கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கும், சொட்டு அப்படியே நிற்கும். சுடுமண் நறநறவென்று இருக்கும், உறிஞ்சிக்கொள்ளும்.

அடுத்து, நீலத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். தூரிகையில் தீட்டியது என்றால் ஒரே கோட்டுக்குள் அடர்த்தி கூடிக் குறையும், கோடு முடியும் இடத்தில் சாயம் தேங்கியிருக்கும். அச்சு என்றால் நிழல்கள் எல்லாம் நுண்புள்ளிகளாலும் மெல்லிய கோடுகளாலும் ஆனவை. செப்புத் தகட்டில் செதுக்கி, மெல்லிய தாளில் ஒற்றி, ஜாடியில் ஒட்டிய படம் அது. கைப்பிடிக்குக் கீழே தேடுங்கள்: தாளின் இரு ஓரங்களும் சேரும் இடத்தில் வேலிக் கோடு துண்டுபட்டோ, ஒரு பறவையின் வால் பாதியில் நின்றோ இருக்கும்.

நீங்கள் சொல்லும் படம் 'வில்லோ' என்று பெயர்பெற்ற வடிவம். சீனப் பாணியைப் பார்த்து 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் உருவானது. அச்சும் சுடுமண்ணும் சேர்ந்திருந்தால் இங்கிலாந்தின் மண்பாண்டத் தொழிலுக்குப் பேர்போன ஸ்டாஃபோர்ட்ஷயர் பக்கம்தான் முதலில் யோசிக்க வேண்டும். பாத வளையத்தின் உள்மூலையில் மெருகு (மண்ணின் மேல் படிந்த கண்ணாடிப் பூச்சு) தேங்கிய இடம் நீலமாகத் தெரிந்தால் 'பேர்ல்வேர்' என்னும் வகை. மெருகில் கொஞ்சம் கோபால்ட் கலந்து மண்ணின் மஞ்சளை மறைத்திருப்பார்கள். 1800-ஐ ஒட்டிய பல ஆண்டுகள் அதுதான் அங்கே வழக்கம். வில்லோ படம் இன்றுவரை அச்சாகிக்கொண்டிருப்பதால் படத்தைவிட அந்த மூலை முக்கியம்.

கேள்வி: செம்பு நிறத்தில் பளபளக்கும் சின்ன ஜாடி, விளிம்பில் செம்மண் தெரிகிறது. செம்பு முலாமா?

'காப்பர் லஸ்டர்' என்பார்கள், ஆனால் அந்த நிறத்தைத் தந்தது தங்கம். செந்நிற மண்ணின் மேல் தங்கக் கரைசலைப் பூசிச் சுட்டால் செம்பு மினுமினுப்பு வரும். இதேபோல் வெள்ளியாய்த் தெரியும் லஸ்டருக்குப் பிளாட்டினம். 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நிறையச் செய்தார்கள். படலம் மிக மெல்லியது, உலோகப் பாலிஷ் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்.

கேள்வி: சாம்பல் நிறக் கல்மண் (உயர் சூட்டில் கல்போல் இறுகச் சுட்ட மண், ஸ்டோன்வேர்) ஜாடி, கழுத்தில் தாடிக்காரன் முகம், உடம்பில் 1594 என்ற ஆண்டு. நானூறு வருடப் பழசா?

தாடி முகம் ஜெர்மனியின் ரைன் பகுதிக்குரியது. 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் கொலோன், ஃப்ரெஹென் பகுதிகளில் செய்தார்கள். சூளையில் உப்பை வீசுவதால் மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளிபுள்ளியாக இருக்கும். ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் இதே பாணியை அச்சில் மறுபடி வார்த்தபோது பழைய ஆண்டையும் சேர்த்தே வார்த்தார்கள். அதனால் அந்த 1594-ஐ மறந்துவிட்டு உள்ளே விரலை விடுங்கள். சக்கரத்தில் வனைந்ததில் சுற்றுச்சுற்றாக வரிகள் தட்டுப்படும். வெளியே முகம் புடைத்த இடத்தில் உள்ளே குழிந்திருந்தால் அச்சு வார்ப்பு. பழையதின் அடியில், சுற்றும்போதே கயிற்றால் அறுத்ததால் கைரேகை போல வளைவுகள் இருக்கும். அடியில் மாதிரி எண் பதித்திருந்தால் தயக்கமே வேண்டாம், பிற்காலத்தது.

கேள்வி: அடியில் வைர வடிவ முத்திரை ஒன்று, இன்னொரு ஜாடியில் 'நிப்பான்' என்று மட்டும். எந்தக் காலம்?

வைர முத்திரை பிரிட்டனில் வடிவமைப்பைப் பதிவுசெய்ததற்கான அடையாளம், 1842 முதல் 1883 வரை. உச்சியில் உள்ள ரோமன் எண் பொருளையே சொல்லும்: ஒன்று உலோகம், இரண்டு மரம், மூன்று கண்ணாடி, நான்கு மண்பாண்டம். ஆனால் அது வடிவம் பதிவான காலம்தான். ஜாடி பின்னாலும் செய்யப்பட்டிருக்கலாம். 'நிப்பான்' ஜப்பானைக் குறிக்கும். இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்று அமெரிக்கா 1890-இல் சட்டம் போட்ட பிறகு வந்தது. 1921-இலிருந்து 'ஜப்பான்' என்றே போடச் சொல்லிவிட்டார்கள்.

கேள்வி: மஞ்சள்-பச்சைக் கண்ணாடி ஜக். யுரேனியம் கலந்ததா?

புற ஊதா விளக்கில் பளிச்சென்று பச்சையாக ஒளிர்ந்தால் பெரும்பாலும் ஆம். அலமாரியில் வைத்துக்கொள்ளலாம், கவலையில்லை. குடிக்கப் பயன்படுத்த வேண்டாம். கைப்பிடியையும் கவனியுங்கள். மேலே ஒட்டிக் கீழே இழுத்திருந்தால் பழைய முறை. 1870-ஐ ஒட்டி, கீழே ஒட்டி மேலே வளைக்கும் முறை பரவியது. உடம்பிலிருந்து கைப்பிடி வரை ஒரு மெல்லிய மேடு தொடர்ந்து ஓடினால் அது ஊதிச் செய்ததல்ல, அச்சில் அழுத்தியது.