அவெய்ரோவில் கடற்கரை விடுமுறை: காலையில் கடல், மாலையில் காயல்

போர்ச்சுகலில் போர்ட்டோ நகருக்குத் தெற்கே, 'ரியா' என்று அழைக்கப்படும் பெரிய காயலின் கரையில் இருக்கிறது அவெய்ரோ. கோடையில் அங்கே போகத் திட்டமிடுபவர்கள் கேட்ட கேள்விகளுக்கு, அந்த ஊரிலேயே குடியிருக்கும் ஒரு தமிழ்ப் பெண்மணி சொன்ன பதில்கள் இவை.

அக்கா, ஜூலையில் ஐந்து நாள் வருகிறோம். ஊருக்குள் ஓட்டல் எடுத்தால் நடந்தே கடற்கரைக்குப் போய்விடலாமா?

முடியாது. படகும் கால்வாயும் உள்ள படங்களைப் பார்த்துவிட்டு வாசலிலேயே கடல் இருக்கும் என்று நினைத்து வருகிறவர்கள் நிறையப் பேர். நகரம் காயலின் உள்பக்கக் கரையில் இருக்கிறது. கடல் அங்கிருந்து மேற்கே கிட்டத்தட்ட 10 கிலோமீட்டர். நடுவில் உப்பளம், காயல், துறைமுகம் எல்லாம் தாண்டினால் நீளமாக ஒரு மணல்திட்டு வரும். அதன் மேல்தான் பார்ரா, கோஸ்டா நோவா என்ற இரண்டு கடற்கரை ஊர்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. நகரத்திலிருந்து பஸ் உண்டு. ஊபர், போல்ட் என்ற செயலி வாடகைக் கார்கள் இரண்டும் கிடைக்கும். நாலு பேர் சேர்ந்து போனால் கார் பெரிய செலவாகத் தெரியாது.

அப்படியானால் எங்கே தங்குவது? நகரத்திலா, கடற்கரையிலா?

சின்னக் குழந்தைகள் இருந்தால் கடற்கரையில். இல்லையென்றால் நகரத்தில், அதுவும் ரயில் நிலையத்துக்கும் நடுக்கால்வாய்க்கும் இடையில் எங்காவது. மாலையில் கடற்கரையில் காற்று அடித்துக்கொண்டிருக்கும்போது நகரத் தெருக்கள் இதமாக இருக்கும். சாப்பிட இடமும் நிறைய. ஜூலையில் ஒன்பது மணிவரை வெளிச்சம் இருப்பதால் பொழுது நீண்டு கிடக்கும்.

கோஸ்டா நோவாவின் வண்ணப்பட்டை வீடுகளில் சில வாடகைக்குக் கிடைக்கின்றன. ஆகஸ்டில் போர்ச்சுகல்காரர்களே மொத்தமாக விடுமுறை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். அந்த மாதத்துக்கு வீடு வேண்டுமென்றால் குளிர்காலத்திலேயே பார்த்து வைத்துவிடுங்கள்.

கடல் ரொம்பக் குளிரும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். ஆகஸ்டில்கூடத் தண்ணீர் 17, 18 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். இதற்கான காரணம் தெரிந்தால் உங்கள் ஒவ்வொரு நாளையும் நீங்களே திட்டமிட்டுக்கொள்ளலாம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கோடையில் இந்தக் கரை நெடுக வடக்கிலிருந்து ஒரு காற்று வீசும். 'நொர்த்தாடா' என்பார்கள். அந்தக் காற்றும் பூமியின் சுழற்சியும் சேர்ந்து கரையோரத்து மேல்நீரை ஆழ்கடல் பக்கம் தள்ளிவிடும். அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும். காற்று பல நாள் விடாமல் அடித்தால், வெயில் சுள்ளென்று இருந்தாலும் கடல் சில்லென்றுதான் இருக்கும். அந்த அடிநீர் சத்து நிறைந்தது. இந்தக் கரையில் மத்தி மீன் இவ்வளவு நன்றாகக் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்தக் காற்றுக்கு ஒரு நேரக்கணக்கு உண்டு. காலையில் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். உச்சிவெயிலில் நிலம் சூடானதும் கிளம்பி, பிற்பகலில் மணலை வாரி முழங்காலுக்குக் கீழே ஊசியாகக் குத்த ஆரம்பிக்கும். உள்ளூர்க் குடும்பங்கள் குடையை மட்டும் நம்புவதில்லை. நாலைந்து கம்பு கோத்த நீளத் துணி ஒன்றைக் கொண்டுவந்து, வடக்குப் பக்கம் மறைப்பாக வரிசையாக மணலில் அடித்து ஊன்றி, அதன் தெற்கே பாயைப் போட்டு உட்கார்ந்துகொள்வார்கள். அந்தத் துணி கடற்கரைக் கடைகளில் கிடைக்கும். வந்த முதல் நாளே ஒன்று வாங்கிவிடுங்கள்.

என் யோசனை இதுதான்: ஒன்பது மணிக்கே கடலுக்குப் போய்விடுங்கள். ஒரு மணிக்கு மேல் கடலை விட்டுவிட்டுக் காயல் பக்கம் வாருங்கள்.

குழந்தைகளுக்கு ஆறு, மூன்று வயது. கடலில் இறக்கலாமா?

கணுக்கால் அளவு தண்ணீரில், உங்கள் கை பிடித்தபடி நிற்க வையுங்கள். அதற்கு மேல் வேண்டாம். இது திறந்த அட்லாண்டிக். அலை உடைந்து திரும்பும்போது காலடி மணலையே உருவிக்கொண்டு போகும். கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டங்களும் உண்டு.

கொடியைப் பார்க்காமல் யாரும் இறங்கக் கூடாது. பச்சை என்றால் நீந்தலாம். மஞ்சள் என்றால் கால் நனைக்கலாம், நீந்தக் கூடாது. சிவப்பு என்றால் தண்ணீரில் இறங்கவே கூடாது, மீறினால் அபராதம் போடுவார்கள். நீலமும் வெள்ளையும் கட்டம் போட்ட கொடி பறந்தால் உயிர்காப்பாளர் அந்த நேரத்தில் அங்கே இல்லை என்று பொருள். உயிர்காப்பாளர்கள் பணியில் இருப்பது ஏறக்குறைய ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரைதான். அதற்கு முன்னும் பின்னும் வெயில் எவ்வளவு ஆசை காட்டினாலும் ஆளில்லாத கடலில் பிள்ளைகளை விடாதீர்கள்.

அவர்கள் ஆசைதீரத் தண்ணீரில் விளையாட வேண்டுமென்றால் கஃபான்யா தா நசரே ஊரில் உள்ள ஊதினோ பூங்காவுக்கு அழைத்துப் போங்கள். காயலை ஒட்டிய பூங்கா. சின்ன மணற்கரை, அலையில்லாத தண்ணீர், மர நிழல், விளையாட்டு இடம் எல்லாம் உண்டு. பக்கத்திலேயே சாந்து ஆந்த்ரே என்ற பழைய கப்பலை நிறுத்தி அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். 1948இல் கட்டிய கப்பல் அது. வட அட்லாண்டிக் பக்கம் போய்ப் பண்ணா (காட்) மீன் பிடித்து, அங்கேயே உப்பிட்டு அடுக்கிக்கொண்டு வருமாம். உள்ளே இறங்கி மீனவர்கள் படுத்த இடத்தைப் பார்க்கலாம்.

மொலிசெய்ரோ படகுச் சவாரி காசுக்குத் தகுமா?

தகும், எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொண்டால். முக்கால் மணி நேரம் போல நகரக் கால்வாய்களில் சுற்றிக் காட்டுவார்கள். 'போர்ச்சுகலின் வெனிஸ்' என்று விளம்பரம் செய்வதை நான் ஏற்க மாட்டேன். இந்த ஊருக்குச் சொந்தமாகவே ஒரு கதை இருக்கிறது.

16ஆம் நூற்றாண்டின் கடைசியில் காயலின் முகத்துவாரம் மணல் மூடி அடைபட்டது. கப்பல் வர வழியில்லை. தண்ணீர் தேங்கி, நோய் பரவி, ஊர் காலியாகத் தொடங்கியது. 1808இல் புதிய முகத்துவாரத்தை வெட்டித் திறந்த பிறகுதான் மீண்டது. ஊரைச் சுற்றியிருந்த பழைய மதிலை இடித்த கற்களும் அந்த வேலைக்குப் போயின. பார்ராவில் நின்று கப்பல்கள் உள்ளே வருவதைப் பார்த்தீர்களானால் அந்த வெட்டுவழியைத்தான் பார்க்கிறீர்கள்.

மொலிசெய்ரோக்களும் முதலில் சுற்றுலாவுக்கு வந்தவையல்ல. காயலின் அடியில் வளரும் நீர்ப்பாசியை வாரி எடுத்து வயலுக்கு உரமாகக் கொண்டுபோன பாய்மரப் படகுகள். ரசாயன உரம் வந்ததும் அந்தத் தொழில் போனது. முகப்பில் தீட்டியிருக்கும் படங்களை நின்று பாருங்கள். பக்தி, காதல், குறும்பு என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் வேறு படம், கீழே ஒரு வரி. கொஞ்சம் பச்சையாக இருப்பவையும் உண்டு, மாமனார் மாமியாரோடு போகிறவர்கள் கவனித்துக்கொள்ளுங்கள்.

அம்மா அப்பா சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டியிருக்குமா?

பட்டினி இல்லை, ஆனால் கேட்டுக் கேட்டுச் சாப்பிட வேண்டும். இது மீன் ஊர், விலாங்கு மீன் குழம்புக்குப் பேர் போனது. கீரை போட்ட உருளைக்கிழங்கு சூப்பில்கூடத் தொத்திறைச்சித் துண்டு ஒன்று மிதக்கும். 'செம் கார்ன், செம் பெய்ஷ்' என்று சொல்லுங்கள். இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம் என்று புரிந்துகொள்வார்கள். காய்கறி சூப், தக்காளிச் சோறு, முட்டை சாப்பிடுவார்களானால் ஆம்லெட், அப்புறம் ரொட்டி, சீஸ், பழம் என்று ஒப்பேற்றிவிடலாம். பெற்றோரோடு வருகிறவர்கள் சமையலறை உள்ள வீடாக எடுப்பதுதான் நல்லது. அரிசி, பருப்பு, தயிர் எல்லாம் சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கும்.

ஊரின் அடையாள இனிப்பு ஓவோஸ் மோலெஸ். முட்டை மஞ்சள்கருவும் சர்க்கரைப் பாகும் கிளறி, சிப்பி, மீன் வடிவத்தில் மெல்லிய மாவுத் தகட்டுக்குள் அடைத்தது. ஒரு காலத்தில் கன்னிமாடத்தில் செய்தது. முட்டை சாப்பிடாதவர்களுக்கு ஆகாது. மற்றவர்கள் ஒன்றோடு நிறுத்துவது கஷ்டம்.

எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. உப்பளம் பார்த்தே வளர்ந்தவன். அவெய்ரோ உப்பளத்தில் எனக்குப் புதிதாக என்ன இருக்கும்?

நீங்கள் கட்டாயம் போக வேண்டும், உங்களுக்குத்தான் அருமை தெரியும். நகர ஓரத்தில் த்ரொன்காலியாதா என்ற உப்பளத்தைப் பழைய முறையிலேயே காப்பாற்றி, மக்கள் பார்க்கத் திறந்து வைத்திருக்கிறார்கள். பாத்திகள் சின்னவை. களிமண் தரை, மர வாருகோல், எல்லாம் கைவேலை. மழையும் குளிரும் மாதக்கணக்கில் நீடிக்கும் ஊர் என்பதால் உப்பு எடுப்பது கோடையில் மட்டும்தான். குளிர்காலம் முழுக்கப் பாத்திகள் தண்ணீருக்குள் கிடக்கும். வசந்தத்தில் சேற்றை வழித்துத் தரையைத் திரும்பச் செப்பனிட்டு ஆரம்பிக்க வேண்டும். காற்று அமர்ந்த வேளையில் நீரின் மேல் மெல்லிய ஏடாகப் படியும் உப்பைத் தனியாக வழித்தெடுத்து அதிக விலைக்கு விற்கிறார்கள். மாலை வெயிலில் போங்கள், பூநாரைகளும் கண்ணில் படும்.

சாவ் ஜசிந்தோ தீவுக்குப் போக வேண்டும் என்கிறார்கள். எப்படி?

தீவு அல்ல, முகத்துவாரத்துக்கு வடக்கே உள்ள மணல்நாக்கின் முனை. பார்ரா பக்கத்திலிருந்து கார் ஏற்றும் படகு போகிறது, சில நிமிடப் பயணம். சாலை வழியாகப் போனால் காயலையே சுற்றி வர வேண்டியிருக்கும். அங்கே மணல்மேடுகளை 1979 முதல் இயற்கைக் காப்பகமாக வைத்திருக்கிறார்கள். மரப்பாதையை விட்டு இறங்காதீர்கள். மணலைப் பிடித்துவைத்திருக்கும் செடிகள் ஒரு மிதிக்கே நாசமாகும். கடற்கரை விரிந்து கிடக்கும், கூட்டம் குறைவு. தண்ணீரும் தின்பண்டமும் கையோடு கொண்டுபோங்கள். திரும்பும் படகு நேரத்தைப் போகும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் முழுக்க மூடுபனியோ மழையோ என்றால்?

இல்யாவோ ஊரின் கடல்சார் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். பண்ணா மீன்கள் உயிரோடு நீந்தும் தொட்டி அங்கே இருக்கிறது. பக்கத்திலேயே 1824இல் தொடங்கிய விஸ்டா அலெக்ரே பீங்கான் தொழிற்சாலையும் அதன் அருங்காட்சியகமும். இரண்டையும் பார்த்தால் நாள் சரியாகிவிடும். புதன்கிழமை பிற்பகல் வானம் தெளிந்தால் பார்ரா கலங்கரை விளக்கத்தில் ஏறப் பாருங்கள். 62 மீட்டர், நாட்டிலேயே உயரமானது. மூட்டுவலி உள்ளவர்கள் கீழேயே நில்லுங்கள்.

நேராகக் கேட்கிறேன்: நீந்துவதுதான் எங்களுக்கு முக்கியம். அவெய்ரோவா, நாட்டின் தென்கரையில் உள்ள ஃபாரோவா?

ஃபாரோ. அங்கேயும் காயல் உண்டு, ரியா ஃபொர்மோசா. அதை மறித்து நிற்கும் மணல்தீவுகளுக்குப் படகில் போய்க் குளிக்கலாம். ஆகஸ்டில் தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டிவிடும். அவெய்ரோ, கடலோடு ஊரையும் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு.

எந்த மாதம் நல்லது? எப்படி வந்து சேர்வது?

செப்டம்பர் முதல் பாதி. காற்று தணியும், கூட்டம் கலையும், உயிர்காப்பாளர்களும் இருப்பார்கள். பள்ளி விடுமுறைக்குக் கட்டுப்பட்டவர்கள் ஜூலைத் தொடக்கத்தில் வாருங்கள்.

விமானத்துக்குப் போர்ட்டோதான் பக்கம். போர்ட்டோ நகரிலிருந்து புறநகர் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், சில யூரோதான் ஆகும். லிஸ்பனிலிருந்து விரைவு ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். முன்கூட்டி எடுத்தால் டிக்கெட் மலிவு. இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடையில் நேர்காணல் நாள் கிடைப்பது பெரும்பாடு, அதனால் ஏப்ரலுக்குள் வேலையை ஆரம்பியுங்கள். மெல்லிய குளிராடை ஒன்றைப் பெட்டியில் மேலாக வையுங்கள், ஜூலை மாலையிலும் தேவைப்படும்.