சின்னக் கஃப் காட்டும் பெரிய பிறஷர்

கேள்வி: என் மனைவிக்கு வயது 51, உயரம் 155 செ.மீ., நிறை 98 கிலோ. மாதவிடாய் நின்று இரண்டு வருடம். எனக்கு 54 வயது, 168 செ.மீ., 96 கிலோ. அவவுக்கு இடுப்பிலும் தொடையிலும்தான் கொழுப்பு, எனக்கு வயிற்றில், வண்டியாக. "ஆம்பிளையளுக்குத்தான் ஹார்ட் அட்டாக், நீங்கள் கவனமாயிருங்கோ" என்கிறா. வீட்டு மெஷினில் அவவின் பிறஷர் 156/94, கிளினிக்கில் 138/86. எதை நம்புவது? யாருடைய இரத்த நாடிகளுக்கு ஆபத்துக் கூட?
- வாசகர், உப்புவெளி

பதில்: முதலில் கஃபை, அதாவது கையில் சுற்றிக் காற்றடிக்கும் பட்டியை, பாருங்கள். வீட்டு மெஷினோடு வருவது பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. வரையான மேற்கைக்கானது, அளவு அதிலேயே அச்சிட்டிருக்கும். தோள்மூட்டுக்கும் முழங்கைக்கும் சரிநடுவில் தையல் நாடாவைச் சுற்றி அளந்து பாருங்கள். உங்கள் மனைவிக்கு 38, 40 வந்தாலும் ஆச்சரியமில்லை. சின்னக் கஃப் நாடியை அமுக்கிப் பிடிக்கக் கூடுதல் காற்றழுத்தம் தேவை. அதனால் மேல் அளவு 10, சிலவேளை 20 கூடிக் காட்டும். காற்றடிக்கும்போது ஒட்டுப்பட்டி 'சர்ர்' என்று பிரிந்தால் அதுவும் அதே குறைதான். பெரிய கஃப் வாங்கி, ஐந்து நிமிடம் பேசாமல் சாய்ந்திருந்து, காலை மாலை இரண்டிரண்டு தடவை, ஏழு நாள் எழுதுங்கள். கிளினிக்கிலும் கஃபின் அளவைக் கேளுங்கள். 138/86 என்பதும் நல்ல அளவல்ல.

இனி நாடிகள். இதயத்துக்கு இரத்தம் கொடுக்கும் நாடிகளில் கொழுப்புப் படிவு, சராசரியாக ஆண்களுக்கு ஒன்பது, பத்து வருடம் முந்துகிறது. உங்கள் மனைவி அந்தளவில் சரியாகத்தான் சொல்கிறார். ஆனால் படிவு வேறு, விறைப்பு வேறு. பெருநாடி ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்து சுருங்க வேண்டும். அது விறைத்தால் மேல் அளவு ஏறும், கீழ் அளவு ஏறாமல் நிற்கும் அல்லது இறங்கும். இதயத்தின் இடது அறை தடிக்கும். கோணேசர் கோயில் ஏற்றத்தில் பாதியில் மூச்சு வாங்குவது உடம்பு பாரத்தால் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. மாதவிடாய் நின்றபின் பெண்களில் இந்த விறைப்பு வேகமாகக் கூடுகிறது. நாடியின் உட்சுவரைத் தளர்வாக வைத்திருக்க உதவிய ஈஸ்ட்ரஜன் குறைகிறது, கொழுப்பும் தொடையிலிருந்து வயிற்றுக்கு இடம் மாறுகிறது. சீனி வருத்தமும் சேர்ந்தால் பெண் என்ற சலுகை பெரும்பாலும் போய்விடும்.

தொடைக் கொழுப்பு வயிற்றுக் கொழுப்பைவிடச் சாது என்பது உண்மை. ஆனால் உங்கள் மனைவியின் உடல் திணிவுச் சுட்டி (உயரத்தோடு ஒப்பிட்ட நிறைக் கணக்கு) 40.8. இந்த நிறையில் வயிற்றுக்குள் கொழுப்பில்லாமல் இராது. கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபின் இருவரும் வயிற்றுச் சுற்றளவை அளந்து பாருங்கள். நம்மவரில் பெண்ணுக்கு 80, ஆணுக்கு 90 செ.மீ. எல்லை. உங்கள் சுட்டி 34தான், ஆனால் வண்டிக் கொழுப்பு என்பதால் நீங்களும் தப்பவில்லை.

இருவரும் வெறும் வயிற்றில் சீனியும் கொலஸ்ட்ரோலும் பாருங்கள். குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் டொக்டரிடம் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சுத் தடைப்படுவதும் பிறஷரை ஏற்றும். முதல் இலக்கு 5 கிலோ போதும், பிறஷர் இறங்கத் தொடங்கும். உப்பு ஆளுக்கு நாளொன்றுக்கு மட்டமாக ஒரு தேக்கரண்டிக்குள். கருவாடும் ஊறுகாயும் அந்தக் கணக்குக்குள்தான். முழங்கால் நோகுமென்றால் கடற்கரைச் சரிவில் வேண்டாம், தட்டையான ரோட்டில் நடக்கட்டும்.

பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலியோடுதான் வரும் என்றில்லை. திடீர் மூச்சுத்திணறல், குளிர்வியர்வை, குமட்டல், தாடையில் வலி என்று வந்தால் 'காஸ்' என்று சோடா குடிக்க வைக்காமல் உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.