‘மசாலா’வை அடித்துவிட வேண்டுமா?

கேள்வி: அம்மாவின் சமையல் குறிப்புகளைத் தொகுத்துச் சிறு நூலாக அச்சிடுகிறோம். மெய்ப்புப் பார்த்த நண்பர், ‘மசாலா’ தமிழ்ச் சொல் இல்லை என்று சொல்லி, அது வரும் இடத்தையெல்லாம் ‘நறுமணப் பொருள்’ என்று திருத்திவிட்டார். எதை அச்சிடுவது?

பதில்: நண்பர் சொன்ன காரணம் சரி, செய்த திருத்தம் தவறு. மசாலா தமிழில் பிறந்த சொல் இல்லைதான். ஆனால் ‘நறுமணப் பொருள்’ என்றால் சாம்பிராணியும் சந்தனமும் அதில் அடங்கும், மிளகாய்த்தூள் அடங்காது. அம்மா அப்படி ஒருநாளும் சொல்லியிருக்கவும் மாட்டார்.

சொல்லின் கதையைக் கேளுங்கள். அரபியில் ‘மஸ்லஹா’ என்றால் நன்மை, நலன். அதன் பன்மை ‘மஸாலிஹ்’. சமாதானத்தைக் குறிக்கும் ‘சுல்ஹ்’ என்ற சொல்லும் இதே வேரில் கிளைத்ததுதான். பாரசீகத்துக்குப் போனபோது, ஒரு காரியத்துக்கு வேண்டிய பொருள்கள் என்ற அர்த்தம் அதில் ஏறிக்கொண்டது. செங்கல், சிமெண்ட் போன்ற கட்டுமானப் பொருள்களை ஈரானில் இன்றும் அந்தச் சொல்லால்தான் குறிக்கிறார்கள். பிறகு உருது, இந்தி வழியாக நம் அடுக்களைக்கு வந்தது. இந்தி பேசும் கொத்தனார் மசாலா கேட்டால் சிமெண்டும் மணலும் குழைத்த கலவையைத்தான் கொடுக்க வேண்டும். மஞ்சள்தூளை நீட்டினால் சிரிப்பார்.

அப்படியானால் பழைய சொல்லான ‘சம்பாரம்’ போடலாமே என்று நண்பர் கேட்கக்கூடும். மஞ்சள், மிளகாய் முதலிய கறிச்சரக்குகளை அப்படிச் சொன்ன காலம் உண்டு. அது வடமொழி, ஒன்றுசேர்த்து வைத்த பொருள்கள் என்பதே அதன் மூலப்பொருள். ‘சரக்கு’ என்று பார்த்தால், அதுவும் முதலில் பண்டம்தான். ஆங்கிலத்தின் ‘ஸ்பைஸ்’கூட, வகை என்றும் பிறகு வணிகப் பண்டம் என்றும் பொருள்பட்ட லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. எந்தப் பக்கம் போனாலும் ‘சாமான்’ என்ற இடத்தில்தான் வந்து நிற்கிறோம். எனக்கு இது சொல்லாராய்ச்சியில் மிகவும் பிடித்த தற்செயல்.

சங்க இலக்கியத்திலிருந்து சொல் எடுக்கலாமா? அகநானூற்றின் 149-ஆம் பாட்டில் யவனரின், அதாவது கிரேக்க, ரோமானிய வணிகரின், மரக்கலம் சேரநாட்டுத் துறைமுகமான முசிறிக்குப் பொன்னோடு வந்து ‘கறியொடு’ திரும்புகிறது. அங்கே கறி என்பது மிளகு. இன்று அதே சொல் சிலருக்குக் காய்கறி, சிலருக்கு இறைச்சி. குறுந்தொகை 167-இல் தயிர் பிசைந்த விரலோடு சமைக்கும் பெண்ணின் கண்களில் ‘குய்ப்புகை’ படிகிறது. குய் என்றால் தாளிப்பு. கடுகு வெடிக்கும் ஓசையே காதில் விழுகிற அருமையான சொல். ஆனால் ‘குய் சேர்க்கவும்’ என்று அச்சிட்டால் வாசகர் அகராதியைத் தேடிப் போவதற்குள் எண்ணெய் புகைந்துவிடும். காரமான சரக்கைக் குறித்த பழைய சொல்லான ‘காயம்’ மட்டும் வெங்காயத்திலும் பெருங்காயத்திலும் ஒட்டிக்கொண்டு பிழைத்திருக்கிறது.

எனவே மசாலா இருக்கட்டும். நீங்கள் உண்மையில் கவலைப்பட வேண்டியது வேறொன்று: அது எந்த மசாலா? ‘மசாலாவைச் சேர்த்து வதக்கவும்’ என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா சொன்னது பொடி என்றால், சூடான எண்ணெயில் சில நொடிகளிலேயே கருகிக் கசந்துவிடும். போட்ட உடனே தண்ணீரோ தக்காளியோ சேர்க்க வேண்டும். தேங்காயோடு அரைத்த விழுது என்றால், பச்சை வாசனை போய் எண்ணெய் பிரியும்வரை பொறுமையாகக் கிளற வேண்டும். தோசைக்குள் வைக்கும் மசாலாவோ உருளைக்கிழங்கு. மூன்றுக்கும் ஒரே சொல். அம்மாவுக்குக் குழப்பமே இருந்திருக்காது, படிப்பவருக்கு இருக்கும்.

கையெழுத்துப் பிரதியை எடுத்துவைத்து, ஒவ்வோர் இடத்திலும் ‘மசாலாப் பொடி’, ‘அரைத்த மசாலா’, ‘உருளைக்கிழங்கு மசாலா’ என்று பிரித்து எழுதுங்கள். கடுகும் கறிவேப்பிலையும் எண்ணெயில் பொரியும் இடங்களில் மசாலா என்று இருந்தால், அங்கே மட்டும் நண்பரின் பேனாவுக்கு வேலை கொடுத்துத் ‘தாளிதம்’ என்று மாற்றச் சொல்லுங்கள்.