கண்ணுக்குத் தெரிகிற பூஞ்சைக்குப் பரிசோதனை எதற்கு?

கேள்வி: படுக்கையறை அலமாரியை நகர்த்தியபோது, பின்சுவரில் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. சில மாதங்களாக எனக்கு இருமல், மூக்கடைப்பு. வீட்டுக் காற்றையும் என் சிறுநீரையும் நச்சுப் பூஞ்சைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம்.

பூஞ்சை வித்துகள் இல்லாத வீடே கிடையாது. காற்றில் இத்தனை வித்து வரை ஆபத்தில்லை என்று உடல்நலத்தை வைத்து வகுத்த எல்லையும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் அப்படியோர் எண் கிடையாது. சில நிமிடம் உறிஞ்சிய காற்று மாதிரி, ஜன்னல் திறந்திருந்தால் ஒரு கணக்குக் காட்டும், வீடு பெருக்கியிருந்தால் வேறு கணக்கு. கறுப்பு நிறத்தைப் பார்த்தும் பயப்பட வேண்டாம். பலரும் அஞ்சும் ஸ்டாக்கிபோட்ரிஸ் மட்டுமல்ல, சாதாரண கிளாடோஸ்போரியமும் கருமையாகத்தான் இருக்கும். எந்த இனமானாலும் செய்ய வேண்டிய வேலை ஒன்றே. வாடை வருகிறது, இடம் மட்டும் தெரியவில்லை என்றால் காற்று மாதிரி கொஞ்சம் உதவும். அப்போதும் அதே நாளில் வெளிக்காற்று மாதிரியும் எடுத்து ஒப்பிட வேண்டும்.

தேட வேண்டியது ஈரம். பூஞ்சை இல்லாத பக்கத்துச் சுவரைத் துடைத்துக் காயவிட்டு, ஒரு பாலித்தீன் துண்டை நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் போட்டு ஒட்டுங்கள். ஓரிரு நாள் கழித்துப் பாருங்கள். துண்டின் உள்பக்கம் நீர் கோத்திருந்தால் சுவருக்குள் ஓதம். குழாயையோ வெளிச்சுவர் விரிசலையோ பார்க்க வேண்டும். வெளிப்பக்கம் முத்து முத்தாக நின்றால் அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. அப்படியானால் அலமாரியைச் சுவரை விட்டுத் தள்ளிப் போட்டு, காற்றோட்டம் கொடுத்து, ஈரப்பதத்தை 60 சதவீதத்துக்குள் வையுங்கள். 30 முதல் 50 வரை இன்னும் நல்லது.

சரி, உடம்புக்கு வருவோம். ஆக்ராடாக்சின் போன்ற பூஞ்சை நச்சுகள் தானியம், காப்பி வழியாகவும் உடலுக்குள் போகின்றன. நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவரின் சிறுநீரிலும் தென்படும். அது சுவரிலிருந்து வந்ததா, சாப்பாட்டிலிருந்து வந்ததா என்று அறிக்கை சொல்லாது. அந்தப் பணத்தை ஒவ்வாமை மருத்துவரிடம் செலவிடுங்கள். பூஞ்சைக்கான தோல் குத்துச் சோதனை அல்லது ஒவ்வாமையைக் காட்டும் ஐஜிஈ (IgE) ரத்தப் பரிசோதனை, ஆஸ்துமா சந்தேகம் இருந்தால் குழாயில் ஊதவைத்து மூச்சை அளக்கும் ஸ்பைரோமெட்ரி, இவைதான் பயன்படும். ஐஜிஜி (IgG) என்று இன்னொரு ரத்தப் பரிசோதனையையும் எழுதித் தருவார்கள்; உடல் எப்போதோ பூஞ்சையைச் சந்தித்தது என்பதற்கு மேல் அது பெரிதாகச் சொல்லாது. நுரையீரல் மருத்துவர் குறிப்பிட்ட ஒரு நோயைச் சந்தேகித்துக் கேட்டால் மட்டும் எடுங்கள். வெளியூரில் தங்கும் நாட்களில் இருமல் குறைகிறதா என்று குறித்துக்கொண்டு போங்கள், எந்த ஆய்வக அறிக்கையையும்விட மருத்துவருக்கு அது உதவலாம். மூச்சுத்திணறல், விடாத காய்ச்சல், சளியில் ரத்தம் இருந்தால் மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

அப்புறம் சுத்தம். மூன்றடிக்கு மூன்றடி அளவுக்குள் என்றால் முதலில் கசிவை நிறுத்திவிட்டு, என்95 முகக்கவசமும் கையுறையும் போட்டு, சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் காயவிட்டால் போதும். மேலே பெயின்ட் அடித்து மறைத்தால் உரிந்து வரும். உங்களுக்கு இருமல் இருப்பதால் தேய்க்கிற வேலையை வேறொருவரிடம் விடுங்கள். அன்று அந்த அறைப் பக்கமே போக வேண்டாம்.