டேப் படிக்கிறது, பையன் பார்த்துக்கொண்டிருக்கிறான்

கேள்வி: என் மகன் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறான். வகுப்பறையில் ஸ்மார்ட் போர்டு மாட்டியிருக்கிறார்கள். ஆனால் கணக்கு ஆசிரியர் இன்னும் கரும்பலகையில் சாக்பீஸால்தான் எழுதிப் போடுகிறார். அவரை நம்பிப் பயனில்லை என்று மாதத் தவணையில் ஒரு டேப்பும் கற்றல் செயலியும் வாங்கிக் கொடுத்தோம். தினமும் மூன்று மணி நேரம் அதில் படிக்கிறான். நட்சத்திரமாகக் குவிக்கிறான். ஆனால் நோட்டில் ஒரு வகுத்தல் கணக்குப் போடச் சொன்னால் திருதிருவென்று விழிக்கிறான். குறை ஆசிரியரிடமா, பையனிடமா, இங்கே அடிக்கடி அறுந்துபோகும் நெட்வொர்க்கிலா? நான் தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறேன்.
– ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: மூன்று பேரைக் கூண்டில் ஏற்றிவிட்டு நான்காவது ஆளை மறந்துவிட்டீர்கள். நாள் முழுக்கக் கணக்கெழுதிப் பிழைப்பவர், சொந்த மகனுக்கு வகுத்தல் சொல்லித்தரத் தவணை முறையில் ஒரு கருவியை அமர்த்தியிருக்கிறார். அந்தக் கருவியும் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. பையனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது.

1435-ஐ 7-ஆல் வகுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நோட்டில் போடுகிற பையன் 14-இல் 7 இரண்டு தடவை என்று 2 எழுதுவான். அடுத்து 3-ஐக் கீழே இறக்குவான். 3-இல் 7 போகாது. பிள்ளைகள் வழுக்கி விழும் இடம் இதுதான். போகாவிட்டால் ஈவில் பூஜ்யம் போட வேண்டும் என்பதை மறந்து, 5-ஐயும் இறக்கி, 35-இல் 7 ஐந்து தடவை என்று முடித்து, 25 என்று கொண்டுவந்து நீட்டுவான். ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்துவிட்டு, "25-ஐ ஏழால் பெருக்கிப் பார்" என்பார். 175 வரும். 1435 எங்கே, 175 எங்கே? பையன் ஒவ்வொரு வரியாக மேலே போய்த் தேடி, பூஜ்யம் விடுபட்ட இடத்தைத் தானே கண்டுபிடிப்பான். படிப்பு நடப்பது அந்த ஐந்து நிமிடத் தேடலில்தான்.

அதே கணக்கு டேப்பில் வருகிறது. 25, 205, 250, 2005 என்று நான்கு விடைகள். 25-ஐத் தொடுவான், திரை சிவக்கும். அடுத்ததைத் தொடுவான், திரை பச்சையாகும், மணியடிக்கும், ஒரு நட்சத்திரம் விழும். பூஜ்யத்தை அவன் சந்திக்கவே இல்லை. எல்லாச் செயலிகளும் இப்படி இல்லை. ஆனால் டேப்பில் குவிக்கிறவன் நோட்டில் விழிக்கிறான் என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், உங்கள் வீட்டில் இருப்பது இந்த ரகம்தான். மண்டியில் சுமை தூக்கும் ஏழு பேருக்கு 1,435 ரூபாய் கூலியைப் பிரிக்கும்போது, தலைக்கு 25 ரூபாய் என்று கொடுத்துப் பாருங்கள். பூஜ்யத்தின் அருமை பொழுது சாய்வதற்குள் பாலக்கோட்டுக்கே தெரிந்துவிடும்.

இது என் ஊகம் மட்டுமல்ல. துருக்கியில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் கிட்டத்தட்ட ஆயிரம் பேரிடம் இதையே சோதித்தார்கள். ஆய்வு 2025-இல் வெளியானது. கணக்குப் பயிற்சியின்போது ஒரு பிரிவினருக்குக் கேட்டதும் விடை சொல்லும் செயற்கை நுண்ணறிவு உதவியாளர் கிடைத்தது. கருவியில்லாத பிரிவைவிடப் பயிற்சியில் அவர்கள் 48 சதவீதம் மேலே போனார்கள். பெற்றவர்களுக்கு எவ்வளவு பெருமையாக இருந்திருக்கும்! பிறகு கருவியை வாங்கி வைத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். தொடக்கத்திலிருந்தே கருவி இல்லாமல் படித்தவர்களைவிட 17 சதவீதம் குறைவாக எடுத்தார்கள். மூன்றாவதாக ஒரு பிரிவும் இருந்தது. அவர்களுக்குக் கொடுத்த கருவி நேராக விடை சொல்லாது. ஆசிரியர்கள் எழுதிக் கொடுத்த குறிப்புகளை வைத்து வழியை மட்டும் காட்டும். அந்தப் பிரிவில் இப்படிப்பட்ட சரிவு அநேகமாக ஏற்படவில்லை.

அதனால் டேப்பைத் தூக்கிப் பரணில் போடச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கருவியால் பிள்ளைகள் தேறியதற்கும் நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. டெல்லியில் அரசுப் பள்ளிகளின் நடுநிலை வகுப்பு மாணவர்களுக்கு, பள்ளி நேரம் முடிந்தபின் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளைக் கொண்டு பாடம் நடத்தினார்கள். நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் நன்றாக முன்னேறினார்கள் என்று 2019-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அங்கே வந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். மென்பொருள் முதலில் அதைக் கண்டுபிடித்து, பிள்ளை நிற்கிற படியிலிருந்தே தொடங்கியது. இன்னொரு விஷயத்தை எந்த விற்பனையாளரும் உங்கள் வாசலில் நின்று சொல்லியிருக்க மாட்டார்: அங்கே 90 நிமிட வகுப்பில் 45 நிமிடம்தான் கணினி. மீதி 45 நிமிடம், பதினைந்து பேருக்கு மேல் போகாத சிறு குழுவை உட்கார வைத்து ஓர் ஆள் சொல்லிக்கொடுத்தார். நீங்கள் வாங்கியது அந்த முதல் பாதியை. இரண்டாவது பாதி கடையில் கிடைக்காது.

நம் மாநிலத்துக்கு வருவோம். 2020 மார்ச்சில் மூடிய எட்டாம் வகுப்பு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. இடைப்பட்ட காலத்தில் கல்வித் தொலைக்காட்சி இருந்தது, வாட்ஸ்அப் இருந்தது, காணொளிகள் இருந்தன. சித்தேரி மலையிலும் அஞ்செட்டியைச் சுற்றிய சிற்றூர்களிலும் சிக்னலைத் தேடி மேட்டில் ஏறிய பிள்ளைகளின் கதை தனி. மொத்தத்தில் பிள்ளைகள் பெரிதாகப் பின்தங்கிப் போனார்கள். தமிழகக் கிராமங்களில் தொடக்கப் பள்ளி வயதுக் குழந்தைகள் சுமார் 19,000 பேரைச் சோதித்த ஆய்வு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது என்று கண்டது. அந்த மீட்சியில் 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் வந்ததாம். அந்தத் திட்டத்தின் மூலதனம் என்ன? அதே ஊரைச் சேர்ந்த ஒரு தன்னார்வலர், பெரும்பாலும் பெண். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. மாலையில் கொஞ்ச நேரம். உங்கள் தவணை மாதத்துக்கு எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை.

"அப்படியானால் கைப்பேசியையே வீட்டில் தடை செய்துவிடலாமா?" என்று அடுத்த வாரம் யாராவது கேட்பார்கள். இந்த வட்டாரத்தில் அது நடக்கிற காரியமில்லை. பெற்றோர் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்விட, பென்னாகரம், அரூர் பக்கத்து ஊர்களில் பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் உண்டு. அந்த வீட்டில் அம்மாவின் குரல் வருவதே கைப்பேசியில்தான். பாட்டிக்கு அதை இயக்கத் தெரியாது, பேரனுக்குத் தெரியும். பிடுங்கி வையுங்கள் என்று சென்னையில் உட்கார்ந்து அறிவுரை எழுதுபவர்கள் அந்த வீட்டுத் திண்ணையில் ஒரு மாலை இருந்து பார்க்கட்டும். அந்தப் பாட்டியிடம் என்னால் குறை காண முடியாது. உங்களுக்கு அந்தச் சாக்கு இல்லை. நீங்கள் இரவில் வீட்டில் இருப்பவர்.

மூன்று மணி நேரமும் அவன் படிக்கிறான் என்று நம்புவது உங்கள் நல்ல மனது. நாட்டின் கிராமப்புறங்களில் 2024-இல் எடுத்த அசர் என்ற பள்ளிக் கல்விக் கணக்கெடுப்பில், ஸ்மார்ட்போனை இயக்கத் தெரிந்த 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளிடம் முந்தைய வாரத்தைப் பற்றிக் கேட்டார்கள். படிப்புக்குப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம். சமூக வலைதளம் பார்த்தவர்கள் 76 சதவீதம். உங்கள் மகன் இவர்களைவிடச் சிறியவன். விரல் அதே விரல்தான். நெட்வொர்க் அறுந்துபோவதைக் குறையாகச் சொல்கிறீர்கள். அந்த இடைவெளியிலாவது பையனின் கண்ணுக்கு ஓய்வு கிடைக்கிறதே!

ஆசிரியர் விஷயத்தில் நீங்கள் எழுதியது அநியாயம். வகுத்தலைக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவர், பிள்ளைகளின் கை எழுதும் வேகத்துக்கு எழுதுகிறார். யார் விழிக்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கிறார். அழித்துவிட்டு மறுபடி தொடங்குகிறார். இதயம் ரத்தத்தைப் பாய்ச்சுவதையும் நிலவின் நிழல் பூமியில் விழுவதையும் சாக்பீஸால் காட்ட முடியாதுதான். அறிவியல் பாடத்துக்கும் அந்த போர்டு தூசி படிந்து கிடந்தால் போய்ச் சண்டை போடுங்கள், நானும் உடன் வருகிறேன். வகுத்தலுக்கு அது தேவையில்லை. இன்னொன்று: 2018 முதல் வந்த புதிய பாடநூல்களிலேயே க்யூஆர் குறியீடு அச்சிட்டிருக்கிறார்கள். 2023-இல் வந்த தமிழக அரசின் மணற்கேணி கற்றல் செயலியும் இலவசம். இவற்றை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுத்தான் தவணையில் கையெழுத்துப் போட்டீர்களா?

பள்ளிகளுக்கும் ஒரு வார்த்தை. வீட்டுப்பாடத்தைப் படமாக எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, விடையையும் படமாகவே வாங்கிக்கொண்டு, நோட்டைத் தொடாமலே நாளைக் கடத்தும் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே கட்டைவிரல் குறி ஒன்று திருத்தத்துக்குப் பதிலாகிவிடுகிறது. மாணவர் விவரங்களை எமிஸ் என்ற அரசு இணையதளத்தில் ஏற்றுவதற்கே நேரம் போதவில்லை என்று ஆசிரியர்கள் புலம்புவதில் நியாயம் உண்டு. அதற்காகச் சிவப்புப் பேனாவைக் கைவிட்டால், பூஜ்யம் விடுபட்டதை யார் பார்ப்பார்கள்?

இனி உங்கள் வேலை. இன்று இரவு ஒரு தாளில் பத்துக் கணக்குகள் எழுதுங்கள். மூன்றாம் வகுப்புக் கழித்தலில் தொடங்கிப் படிப்படியாக ஏறுங்கள். பேனா எங்கே நிற்கிறதோ, கணக்கில் அதுதான் அவன் வகுப்பு. செயலியை அந்த வகுப்புக்கு இறக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாது என்றால் அடுத்த தவணைக்கு முன் ஒப்பந்தத்தை எடுத்து, ரத்து செய்ய வழியிருக்கிறதா என்று படியுங்கள். தினமும் அரை மணி நேரம் உங்கள் எதிரில், நோட்டில். ஒவ்வொரு விடையையும் பெருக்கிச் சரிபார்க்க வேண்டும். டேப் அதற்குப் பிறகு. பாடம் வாசிக்க அச்சுப் புத்தகமே இருக்கட்டும்: 2018-இல் 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, தகவல் நிறைந்த பகுதிகளைத் திரையில் படித்தவர்களைவிடத் தாளில் படித்தவர்கள் கூடுதலாகப் புரிந்துகொண்டது தெரியவந்தது. கதை படிப்பதில் அந்த வித்தியாசம் தென்படவில்லை. கதைகளை டேப்பில் படிக்கட்டும்.

அவன் பூஜ்யத்தை விட்டால் விடையைச் சொல்லிவிடாதீர்கள். தேடட்டும். அந்த ஐந்து நிமிடமும் நீங்கள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். கைப்பேசியை எடுத்துத் தக்காளி விலை பார்க்கக் கூடாது.

கணக்கு ஆசிரியரையும் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஸ்மார்ட் போர்டைப் பற்றி எதுவும் பேச வேண்டாம். பையன் எந்த இடத்தில் தடுமாறுகிறான் என்று மட்டும் கேளுங்கள். ஜூன் மாதமே அவருக்குத் தெரிந்திருக்கும். கேட்க யாரும் வராததால் சொல்லாமல் இருந்திருப்பார்.